மைக்கும் கெடவில்லை, ஸ்பீக்கரும் கெடவில்லை

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு வயது 33. ஊர் உசிலம்பட்டிப் பக்கம். மதுரை கீழமாசி வீதியில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கிடாவெட்டு விருந்துக்குப் போய் வந்து நாலு நாள் கடும் வயிற்றுப்போக்கு. டிரிப்ஸ் ஏற்றிச் சரியானது. தங்கச்சி கல்யாணம் முடிந்து கடன் கழுத்தை நெரித்த சமயம் அது. அதற்குப் பிறகு வயிறு பழையபடி ஆகவே இல்லை. காலையில் மூன்று நாலு தடவை வெளிக்குப் போக வேண்டியிருக்கிறது. அடிவயிறு முறுக்கிப் பிடிக்கும், போய்விட்டு வந்தால் தணியும். காலையில் சாப்பிடப் பிடிப்பதில்லை, வெறும் டீயோடு கிளம்பிவிடுவேன். பஸ் செக்கானூரணி வருவதற்குள் மறுபடி கலக்கும். எத்தனையோ நாள் பாதியில் இறங்கியிருக்கிறேன். மாசம் 11, 20 தேதிகளில் ஜி.எஸ்.டி. வேலை என்றால் ரொம்ப மோசம். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்தில் இருந்தால் ஒன்றும் தெரிவதில்லை. ரத்தம், மலம், ஸ்கேன், கொலனோஸ்கோப்பி எல்லாம் நார்மல். கடைசியாகப் பார்த்த டாக்டர், ‘ஒண்ணுமில்ல, டென்ஷன்தான், மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க’ என்றார். வீட்டிலும் இப்போது அதையே சொல்கிறார்கள். அப்படியானால் நான் நடிக்கிறேனா? இது கேன்சராக மாறுமா? மனநல டாக்டரைப் பார்க்க வேண்டுமா? அம்மா மறுபடி தொக்கம் எடுக்க, அதாவது வயிற்றில் சிக்கியதாகச் சொல்வதை ஊதி எடுக்க, கூப்பிடுகிறார். போன தடவை எடுத்தபோது ஒரு வாரம் நன்றாகத்தான் இருந்தது. (பெயர் வேண்டாம்)

பதில்:

தம்பி, கேன்சர் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். அது மனதில் கிடக்கும்வரை நான் எழுதும் வேறு எதுவும் உங்கள் காதில் ஏறாது. நீங்கள் விவரித்திருக்கும் இந்தத் தொல்லை புற்றுநோயாக மாறுவதில்லை. குடலைப் புண்ணாக்குவதில்லை, ஆயுளைக் குறைப்பதுமில்லை. ஆனால் ஆளை அலைக்கழித்துவிடும். செக்கானூரணியில் இறங்கி, எந்தக் கடைக்காரரிடம் போய்க் கழிப்பறை கேட்பது என்று வியர்த்து நிற்பவரிடம் ‘ஆயுள் குறையாது’ என்று சொல்வது பெரிய ஆறுதல் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கடிதத்தை மட்டும் வைத்து நோயை முடிவு கட்டக் கூடாது. இருந்தாலும் நீங்கள் எழுதியிருப்பது ஐ.பி.எஸ். (இரிட்டபிள் பவல் சிண்ட்ரோம்) என்பதற்கு அச்சாகப் பொருந்துகிறது. ‘எரிச்சலுறும் குடல்’ என்று தமிழில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை, எரிச்சல் என்றதும் எல்லோரும் நெஞ்செரிச்சலை நினைத்துக்கொள்கிறார்கள். ஐ.பி.எஸ். என்று சொல்வதிலும் வம்பு உண்டு. என்னிடம் வரும் ஓர் அம்மா, ‘எம் மகனுக்கு ஐ.பி.எஸ்.னு சொல்லிட்டாங்க’ என்று மேலூர் பஸ்ஸில் சொல்ல, பக்கத்து சீட்டுக்காரர் ‘எந்த ஜில்லால போஸ்டிங்?’ என்றாராம். இந்த நோயைக் கண்டறிய நிபுணர்கள் வகுத்து 2016இல் வந்த ‘ரோம்’ வரையறைப்படி, தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். கடைசி மூன்று மாதத்தில் வாரம் ஒரு நாளாவது வயிற்று வலி வந்திருக்க வேண்டும். அந்த வலி மலம் கழிப்பதோடு தொடர்புள்ளதாக இருப்பது, போகும் தடவைகள் மாறுவது, மலத்தின் பதம் மாறுவது என்ற மூன்றில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும். ஸ்கேனில் ஏதாவது தெரிய வேண்டும் என்று அதில் எங்குமே இல்லை. ஸ்கேன் குடலின் உருவத்தைத்தான் காட்டும், நடத்தையைக் காட்டாது.

அடுத்து, நடிக்கிறேனா என்ற கேள்வி. இல்லை. உங்களைப் பார்த்த டாக்டர் பாதி சரியாகச் சொல்லியிருக்கிறார். டென்ஷன் என்றது சரி. ‘ஒண்ணுமில்ல’ என்றது தப்பு. இந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில், திருமங்கலத்திலிருந்து வந்த ஒரு டீச்சரம்மாவிடம் ரிப்போர்ட்டுகளைப் புரட்டிவிட்டு, ‘உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா, டென்ஷனைக் குறைங்க’ என்று சிரித்துக்கொண்டே அனுப்பினேன். நல்ல செய்தி சொன்னதாக நினைப்பு. மூன்று வருஷம் கழித்து வேறொரு விஷயமாக வந்தார். வயிற்றில் ஒரு தழும்பு. ‘நீங்க ஒண்ணுமில்லன்னுட்டீங்க, வலி நிக்கல. வேற ஒரு இடத்துல குடல்வாலா இருக்கும்னு எடுத்துட்டாங்க’ என்றார். வலி அப்போதும் நிற்கவில்லை. இல்லாத வலி என்று யாராவது சொன்னால், மனிதர்கள் அது இருக்கிறது என்று நிரூபித்துக்காட்டக் கிளம்பிவிடுகிறார்கள். அந்தத் தழும்பில் எனக்கும் பங்கு உண்டு. அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் யாரிடமும் சொல்வதில்லை.

சரி, டென்ஷனுக்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்? நம் பேச்சிலேயே அது இருக்கிறது. கடன்காரர் வாசலில் நின்றால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. பிள்ளை பத்திரமாக வந்து சேர்ந்தால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கிறது. இதைக் கண்ணால் பார்த்த டாக்டர் ஒருவர் இருந்தார். 1822இல் அமெரிக்காவில் ஒரு கம்பளித்தோல் வியாபாரக் கடையில் துப்பாக்கி தவறுதலாக வெடித்து, அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற தொழிலாளியின் வயிற்றில் பாய்ந்தது. ஆள் பிழைத்துக்கொண்டார், ஆனால் ஓட்டை மூடவே இல்லை. வில்லியம் போமான்ட் என்ற ராணுவ டாக்டர் அந்த ஓட்டை வழியாக அவருடைய இரைப்பையை வருஷக்கணக்காகப் பார்த்துக் குறித்துக்கொண்டே வந்தார். அந்த மனிதருக்குக் கோபம் வந்தபோதெல்லாம் உள்சவ்வின் தோற்றமும் சுரப்பும் மாறியதை 1833இல் புத்தகமாகவே போட்டார். (செயின்ட் மார்ட்டினுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை, இரண்டு மூன்று முறை ஊருக்கு ஓடிவிட்டார். யாருக்குத்தான் பிடிக்கும்?)

இனி உள்ளே நடப்பதைச் சொல்கிறேன். கிடா வெட்டும் இடத்தில் நீங்கள் நின்று பார்த்திருப்பீர்கள். குடலை உருவி வெளியே போட்ட பிறகும் அது கொஞ்ச நேரம் நெளிந்துகொண்டிருக்கும். தலை தனியே போன பிறகு அதை யார் நெளிய வைப்பது? குடலுக்கென்று சொந்தமாக ஒரு நரம்பு மண்டலம் இருக்கிறது. உணவுக்குழாயிலிருந்து ஆசனவாய் வரை, குடல் சுவரின் அடுக்குகளுக்கு நடுவே வலைபோல் பின்னிக் கிடக்கிறது. பத்துக் கோடிக்கும் குறையாத நரம்பணுக்கள். எப்போது சுருங்குவது, எப்போது தள்ளுவது, எவ்வளவு நீர் சுரப்பது என்பதை எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும், மூளையைக் கேட்டுக்கொண்டிருக்காது. அந்த நரம்புகள் பேசிக்கொள்ளப் பயன்படுத்தும் செரோடோனின் என்ற பொருளை மனநிலையோடு சேர்த்துத்தான் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். ஆனால் உடம்பில் இருக்கும் செரோடோனினில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் இருப்பது குடலில்.

இந்தக் குடல் நரம்புகளையும் மூளையையும் இணைக்கும் முக்கியமான கம்பி வேகஸ் நரம்பு. மூளையின் அடியிலிருந்து கழுத்து, நெஞ்சு வழியாக வயிற்றுக்கு இறங்குகிறது. மூளை மேலிருந்து உத்தரவு போடுவதற்கான கம்பி என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். பிரித்து எண்ணிப் பார்த்தால் அதிலுள்ள இழைகளில் ஐந்தில் நாலு பங்கு கீழேயிருந்து மேலே சேதி கொண்டுபோகிறவை. வயிறுதான் அதிகம் பேசுகிறது, மூளை அதிகம் கேட்டுக்கொண்டிருக்கிறது. ‘மனசில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே’ என்று உங்களிடம் சொல்கிறவர்கள், இந்தக் குழப்பத்தில் பெரும்பகுதி கீழேயிருந்து மேலே போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மேலேயிருந்து கீழே வருவதும் உண்டு. ஆபத்து என்று மூளைக்குப் பட்டதும் ஹைப்போதலாமஸ் என்ற பகுதி சி.ஆர்.எஃப். என்ற ஒரு பொருளைச் சுரக்கிறது. 1981இல் அதைக் கண்டுபிடித்தபோது, அட்ரினல் சுரப்பியைக் கிளப்பிவிடும் முதல் கண்ணி என்றுதான் பேசினார்கள். பிறகு அது குடலையும் ஆட்டிவைக்கிறது என்று தெரிந்தது. இரைப்பைக்கு அது அனுப்பும் சேதி ‘நிறுத்து’. பெருங்குடலுக்கு அனுப்புவது ‘காலி பண்ணு’. காலையில் உங்களுக்கு இட்லி இறங்குவதில்லை, ஆனால் மூன்று நாலு தடவை ஓட வேண்டியிருக்கிறது. இரண்டும் முரணாகத் தெரிந்திருக்கும். இரண்டும் ஒரே சேதியின் இரண்டு முனைகள்.

அது ஏன் காலையில் மட்டும் என்றால், பெருங்குடல் இரவில் நம்மோடு சேர்ந்து தூங்குகிறது. கண் விழித்ததும் அதுவும் எழுந்து பலமாகத் தள்ளத் தொடங்கும். வயிற்றில் ஏதாவது விழுந்ததும் இன்னொரு முறை தள்ளும். எல்லோருக்கும் நடப்பதுதான் இது, அதனால்தான் நாடு முழுக்கக் காலையில் கழிப்பறைக்குக் கியூ. டென்ஷனில் கூடும் கார்ட்டிசோல் என்ற ஹார்மோனும் அதிகாலையில்தான் உச்சத்தில் இருக்கிறது. இந்த நேரத்தில் வெறும் வயிற்றில் ஒரு ஸ்ட்ராங் டீயை ஊற்றி, அதற்கு மேல் கழிப்பறை இல்லாத பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வைத்தால் வேறு என்ன நடக்கும்? 11, 20 தேதி விஷயமும் இதுதான். வயிற்றுக்குக் காலண்டர் தெரியாது, மூளைக்குத் தெரியும். இரண்டு வருஷமாக அந்தத் தேதிகளில் அவதிப்பட்டதை அது ஞாபகம் வைத்திருக்கிறது. 19ஆம் தேதி ராத்திரியே கீழே தகவல் போய்விடுகிறது.

ஆனால் கடன் எல்லோருக்கும் இருக்கிறது, ஜி.எஸ்.டி. கீழமாசி வீதி முழுக்க இருக்கிறது. உங்களுக்கு மட்டும் ஏன்? இங்கேதான் அந்தக் கிடாவெட்டு வருகிறது. கிருமியால் வரும் கடுமையான வயிற்றுப்போக்குக்குப் பிறகு ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு ஐ.பி.எஸ். தங்கிவிடுகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்களைத் தொடர்ந்து கவனித்து, 1999இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அந்தச் சமயத்தில் வாழ்க்கையில் பெரிய சிக்கல்களும் உடம்பைப் பற்றிய பயமும் இருந்தவர்களுக்குத்தான் தொல்லை அதிகம் நீடித்தது. அதோடு நின்றிருந்தால் ‘பார்த்தாயா, மனசுதான்’ என்று சொல்லிவிடலாம். அவர்களுடைய குடல் சவ்வை எடுத்துப் பார்த்தபோது, மூன்று மாதம் கழித்தும் அழற்சி அணுக்கள் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தன. கிருமியும் கடனும் ஒரே வாரத்தில் சேர்ந்து வந்தால் குடல் ஆறுவதற்குத் தடுமாறுகிறது. உங்களுக்கு நடந்திருப்பதும் அதுதான் என்பது என் யூகம்.

உங்கள் ஊர்த் திருவிழாவில் மைக் செட் போடுகிறவரை நினைத்துக்கொள்ளுங்கள். மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே காட்டி, ஆம்ப்ளிஃபயரில் சவுண்டையும் கூட்டி வைத்தால் ‘கீ’ என்று ஒரு சத்தம் ஊரையே தூக்கும். மைக் கெட்டுப்போய்விட்டதா? இல்லை. ஸ்பீக்கர் கெட்டதா? அதுவும் இல்லை. தனித்தனியாகக் கழற்றிச் சோதித்தால் இரண்டும் நார்மல். ஸ்பீக்கரில் வருவது மைக்கில் ஏறி, மைக்கில் ஏறியது மறுபடி ஸ்பீக்கரில் வருகிறது, அவ்வளவுதான். ஆனால் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் யாரிடமும் போய் ‘சத்தமே இல்லை’ என்று சொல்ல முடியாது. கிருமி உங்கள் குடலில் மைக்கின் கூர்மையைக் கூட்டிவிட்டுப் போனது. கடனும் பயமும் மேலே ஆம்ப்ளிஃபயரைத் திருகிவிட்டன. இப்போது சாதாரண வாயு நகர்வதுகூட வலியாக ஏறுகிறது, வலி பயமாகிறது, பயம் குடலைக் கலக்குகிறது. 1973இல் லண்டனில் ஒரு டாக்டர் பெருங்குடலில் சிறு பலூனை வைத்து ஊதிப் பார்த்தார். மற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் தோன்றாத அளவிலேயே ஐ.பி.எஸ். உள்ளவர்களில் பலர் வலிக்கிறது என்றார்கள். பலூன் ஒன்றுதான், கேட்கிற காது வேறு.

எது முதலில், மனசா வயிறா என்று நோயாளிகளும் கேட்கிறார்கள், அவர்களுடைய மாமியார்களும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் 12 வருஷம் மக்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். தொடக்கத்தில் பதற்றம் இருந்தவர்களுக்குப் பின்னால் வயிற்றுத் தொல்லை அதிகம் வந்தது. தொடக்கத்தில் இந்த மாதிரி வயிற்றுத் தொல்லை மட்டும் இருந்தவர்களுக்குப் பின்னால் பதற்றமும் மனச்சோர்வும் கூடின. இரண்டு பக்கமும் வழி திறந்திருக்கிறது. நம்பிக்கை தரும் ஒரு சேதியும் இருக்கிறது. கனடாவில் வாக்கர்ட்டன் என்ற சிற்றூரில் 2000ஆம் ஆண்டு குடிதண்ணீரில் கிருமி கலந்து ஊரே வயிற்றுப்போக்கில் விழுந்தது. இரண்டு மூன்று வருஷம் கழித்து ஆய்வில் இருந்தவர்களில் நூற்றுக்கு 28 பேருக்கு ஐ.பி.எஸ். இருந்தது. எட்டாவது வருஷத்தில் அது 15 ஆகக் குறைந்திருந்தது. நீங்கள் இப்போது இரண்டாம் வருஷத்தில் இருக்கிறீர்கள்.

இனி செய்ய வேண்டியது. புதிதாக ஸ்கேன் எடுக்காதீர்கள். எடுத்த கொஞ்ச நாள் நிம்மதி, அப்புறம் ‘அதிலும் தெரியாமல் ஏதாவது இருந்தால்?’ என்று தொடங்கிவிடும். ஆனால் மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைதல், காய்ச்சல், ரத்தசோகை, ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் வயிற்றுப்போக்கு, இவற்றில் ஒன்று வந்தாலும் இந்தப் பதிலைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு உடனே நேரில் போய்க் காட்டுங்கள். நம் பக்கத்தில் குடல் காசநோயும் இருக்கிறது என்பதை எந்த டாக்டரும் மறப்பதில்லை. வீட்டில் யாருக்காவது குடல் புற்றுநோய் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள். தைராய்டு பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. அந்த ஒன்றை மட்டும் பார்த்துவிடலாம்.

பஸ்ஸை முதலில் சரிசெய்வோம், ஏனென்றால் உங்கள் நோயில் பாதி அந்த பஸ்ஸில்தான் இருக்கிறது. முக்கால் மணி நேரம் முன்னதாக எழுந்திருங்கள். டீக்கு முன்னால் வெந்நீரும் இரண்டு இட்லியும். பெருங்குடல் தள்ள வேண்டியதை வீட்டிலேயே தள்ளிவிடட்டும், அதற்கு நேரம் கொடுத்துவிட்டு, செல்போன் இல்லாமல் கழிப்பறைக்குப் போய்விட்டு, பிறகு கிளம்புங்கள். உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்டு முதல் செக்கானூரணி, நாகமலை புதுக்கோட்டை, ஆரப்பாளையம் வரை எங்கெங்கே போகக்கூடிய கழிப்பறை இருக்கிறது, எந்த பெட்ரோல் பங்கில் விடுவார்கள் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் பார்த்துக் குறித்து வையுங்கள். சிரிக்காதீர்கள். இடம் தெரியும் என்ற தைரியத்திலேயே அவசரம் குறைந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். 2022இலிருந்து உசிலம்பட்டி வழியாக மறுபடி ஓடும் ரயிலில் கழிப்பறை உண்டு, ஒரு பக்கத்துக்காவது நேரம் தோதுப்பட்டால் அதில் போய்ப் பாருங்கள். கட்டாயம் போயே ஆக வேண்டிய நாளுக்கு வயிற்றுப்போக்கை நிறுத்தும் லோபரமைடு மாத்திரை ஒன்று பையில் இருக்கலாம், எப்போது எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. கலக்கும்போதெல்லாம் மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஆன்டிபயாட்டிக் வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் இன்றோடு நிறுத்துங்கள்.

கடையில் முதலாளியிடம் பேசி, 20ஆம் தேதி முடிக்கும் வேலையை 17க்கே முடிக்க வழி இருக்கிறதா பாருங்கள். நான் எழுதும் மருந்துச் சீட்டிலேயே இதுதான் வலுவான மருந்தாக இருக்கலாம்.

மூச்சுப் பயிற்சி என்றதும் பலருக்கும் முகம் வாடுகிறது, மாத்திரை எழுதித் தராமல் ஏமாற்றுவதாக நினைக்கிறார்கள். நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே இருக்கும் உதரவிதானம் என்ற தசையை இறக்கி, வயிறு எழும்ப மெதுவாக மூச்சு இழுத்து, அதைவிட மெதுவாக விட்டால், முன்னே சொன்ன வேகஸ் நரம்பின் வழியாக உடம்பு அமைதிக்குத் திரும்புகிறது. வயிற்றில் கை வைத்துக்கொண்டு, நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். பத்து நிமிஷம், காலையும் ராத்திரியும். முதல் ஒரு மாதம் பஸ்ஸில் செய்யாதீர்கள், தோட்டத்தில் செய்யுங்கள். கிணற்றில் விழுந்த பிறகு நீச்சல் பழக முடியாது.

சாப்பாட்டில் நான் ரொம்பக் கெடுபிடி செய்வதில்லை. பயந்து பயந்து ஒவ்வொன்றாக நிறுத்திக் கடைசியில் ரசஞ்சாதத்தில் வந்து நிற்கிறவர்களைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது. பகல் முழுக்கப் பட்டினி கிடந்து ராத்திரி பத்து மணிக்கு நாலு பரோட்டாவில் சால்னாவை ஊற்றிக் குழைத்து அடிக்கிறவரா நீங்கள்? எழுதவில்லை, ஆனால் கீழமாசி வீதிக்காரர் என்பதால் கேட்கிறேன். கோதுமை, மைதா, வெங்காயம், பூண்டு இவற்றிலுள்ள சில மாவுச்சத்துகள் சிறுகுடலில் செரிக்காமல் பெருங்குடலுக்குப் போய்ப் புளித்து வாயுவாகும். மற்றவர்களுக்கு அது வெறும் வாயு, உங்கள் மைக்குக்கு அது சத்தம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களும் நம் பக்கத்தில் நிறைய. ஒரு நாளைக்கு ஐந்து டீ என்றால் அதில் எவ்வளவு பால் என்று கணக்குப் போடுங்கள், கணக்கர்தானே. மிளகாய்க் காரத்தை உணரும் நரம்பிழைகள் ஐ.பி.எஸ். உள்ளவர்களின் பெருங்குடலில் கூடுதலாக இருப்பதையும் கண்டிருக்கிறார்கள். இவற்றை நாலு வாரம் குறைத்துப் பார்த்துவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து எது உங்களுக்கு ஆகவில்லை என்று கண்டுபிடியுங்கள். ஆயுள் முழுக்க விலக்குவது தேவையில்லை. அரிசிச் சோறும் இட்லியும் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்கின்றன. இசப்கோல் என்ற நார்ப்பொடியைக் கொஞ்சமாகத் தொடங்கினால் வயிற்றுப்போக்கு, மலச்சிக்கல் இரண்டிலும் கைகொடுக்கும்.

இதெல்லாம் செய்தும் இரண்டு மாதத்தில் மாற்றமில்லை என்றால் ஆம்ப்ளிஃபயரையே குறைக்கும் மருந்து இருக்கிறது. அமிட்ரிப்டிலின். டாக்டர் எழுதிக் கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். மனச்சோர்வுக்கு வந்த பழைய மருந்து என்பதால், அட்டையில் இருப்பதைப் படித்த சொந்தக்காரர் யாராவது ‘இது பைத்தியத்துக்குக் கொடுக்கிறதாச்சே’ என்று சொல்லி நிறுத்த வைத்துவிடுவார். ஐ.பி.எஸ்.க்குத் தருவது 10 மில்லிகிராமில் தொடங்கும் சின்ன அளவு. மனச்சோர்வுக்குத் தருவது அதைப்போல் பல மடங்கு. இங்கிலாந்தில் 463 பேரிடம் ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து 2023இல் முடிவு சொன்னார்கள், வெற்று மாத்திரை எடுத்தவர்களைவிட இதை எடுத்தவர்கள் தெளிவாகத் தேறினார்கள். வாய் கொஞ்சம் உலரும், தூக்கம் வரும், அதனால் ராத்திரியில் கொடுப்போம். மலத்தை இறுக்கும் குணமும் உண்டு, உங்களுக்கு அது லாபம்.

மனநல டாக்டரைப் பார்க்க வேண்டுமா? கடன் நினைப்பில் தூக்கம் கெடுகிறது, எதிலும் பிடிப்பில்லை என்றால் கட்டாயம் பாருங்கள். அது இல்லாவிட்டாலும், ‘பஸ்ஸில் ஏறினால் அவ்வளவுதான்’ என்ற எண்ணத்தைப் பிரித்துக் கையாளச் சொல்லித்தரும் உளவியல் ஆலோசகரிடம் ஏழெட்டு முறை போய் வருவது இந்த நோய்க்கு நிஜமான சிகிச்சை. 1984இலேயே மான்செஸ்டரில் கடுமையான ஐ.பி.எஸ். இருந்த 30 பேரை வைத்து, குடலை அமைதிப்படுத்தும் விதமாகச் செய்த ஹிப்னாடிச சிகிச்சை பலன் தருவதைக் காட்டினார்கள். அங்கே போவதால் வலி பொய் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக ஆகாது. மைக் செட்டில் எந்தத் திருகைக் குறைத்தாலும் ‘கீ’ நிற்கும். மூளைப் பக்கத்துத் திருகு கைக்கு எட்டுகிறது என்றால் அதைத் தொடாமல் இருப்பானேன்?

கடைசியாகத் தொக்கம். உங்கள் அம்மா சொன்னதைக் கேட்டு நான் பல்லைக் கடிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். இரண்டு வருஷத்துக்கு முன் தின்ற கறித்துண்டு உள்ளே சிக்கிக்கொண்டு இருக்க வழியில்லை, ஊதி எடுத்துக் காட்டுவது உங்கள் வயிற்றிலிருந்து வந்ததும் இல்லை. ஆனால் ஒரு வாரம் நன்றாக இருந்தது என்கிறீர்கள், அதை நான் நம்புகிறேன். அமெரிக்காவில் 2010இல் வெளியான ஓர் ஆய்வில் ஐ.பி.எஸ். உள்ள 80 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பாதிப் பேரிடம், ‘இது வெறும் மாத்திரை, மருந்தே கிடையாது’ என்று உண்மையைச் சொல்லியே கொடுத்தார்கள். அப்படியும் அவர்களில் 59 சதவீதம் பேர் போதுமான அளவு தேறியதாகச் சொன்னார்கள். மாத்திரையே இல்லாத பாதியில் 35 சதவீதம். ஒருவர் உட்கார வைத்து, தொட்டு, கவலையைக் கேட்டு, ‘எடுத்தாச்சு, இனி சரியாயிரும்’ என்று சொல்வதற்கு இந்த நோயில் அவ்வளவு வலு இருக்கிறது. நாங்கள் ஐந்து நிமிஷத்தில் ‘ஒண்ணுமில்ல’ என்று அனுப்புகிற இடத்தில் தொக்கம் எடுக்கும் பாட்டி அரை மணி நேரம் கொடுக்கிறார்.

அம்மாவின் திருப்திக்குப் போவதென்றால் போய் வாருங்கள். ஆனால் குடல் ஏறிவிட்டது என்று வயிற்றைப் பிசையவோ, உள்ளுக்கு எதுவும் கொடுக்கவோ விட வேண்டாம். அப்புறம், நன்றாக இருந்தது என்றீர்களே, அது எந்த வாரம்? 20ஆம் தேதிக்கு முந்தியதா, பிந்தியதா? இன்றிலிருந்து ஒரு சின்ன நோட்டில் தேதி, எத்தனை தடவை, அன்றைக்கு என்ன நடந்தது என்று மட்டும் எழுதி வாருங்கள். ஆறு வாரம் கழித்து அதை உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள். ரிப்போர்ட் ஃபைலை வீட்டில் வைத்துவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை.